இரண்டடி ஒன்பதரை அங்குலம்

விரிவுப் பெட்டியைத் திறந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். நான், சிவசைலம், நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன், இந்த வீட்டுக்கு மூத்தவன். என் மனைவி வடிவு. என் தம்பி குற்றாலிங்கம். எதிர்வீட்டு அருணோதயம். இவர் அதற்கு முந்திய மார்கழியில் கடிகாரமாகிவிட்டார். இருந்தாலும் எங்களோடு ஆடுகிறவர் என்பதால் ஆளாகவே சேர்க்கிறேன். விளையாட்டுக் கம்பெனியிலிருந்து வந்த விரிவாக்க அலுவலர் எஸ்தர் ஜெபமணி. ஐந்து பேர். வேறு யாராவது தாமும் இருந்ததாகச் சொன்னால், அவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள்.

என் தங்கை உலகம்மாள் இல்லை. அவள் அங்கே இல்லாததைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

வேதாளக் கணவாய் என்பது நான்கு பேர் ஆடும் பலகை விளையாட்டு. பகடையை உருட்டி, காடும் சதுப்பும் தாண்டி, கணவாயில் இருக்கும் வேதாளத்திடமிருந்து தீப்பந்தத்தை மீட்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் எங்கள் வீட்டில் ஆடுவோம். முப்பத்தெட்டு ஆண்டில் இரண்டு முறை தீப்பந்தம் கிடைத்திருக்கிறது. இரண்டு முறையும் குற்றாலிங்கம் அதை எங்கோ வைத்துவிட்டான்.

அதன் வரைபடத்தில் அளவுகோல் கிடையாது. காட்டிலிருந்து கணவாய்க்கு எத்தனை தூரம் என்று எங்கும் இல்லை. அளவு காட்டாத வரைபடம் வரைபடம் அல்ல, கோலம். இதைக் குறித்துக் கம்பெனிக்குப் பதினான்கு கடிதம் எழுதினேன். பதினைந்தாவது கடிதத்துக்குப் பதிலாகப் பெட்டி வந்தது. நான் பதினைந்தாவது கடிதம் எழுதவில்லை.

பெட்டி செருப்புப் பெட்டி அளவு. மேலே, 'புதிய நிலங்கள், புதிய ஆபத்துகள், ஐந்தாவது ஆட்டக்காரர்' என்று போட்டிருந்தது. விதிப் புத்தகத்தின் முதல் வரி: 'முதலில் வீட்டை விரிக்கவும்.'

"எப்படிண்ணே விரிக்க?" என்றான் குற்றாலிங்கம்.

அதற்குள் விரிந்துவிட்டது. கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே பதினோரு அடி நடை இருந்தது. நானே அளந்து கட்டியது. இப்போது அதில் என் அறுபத்தாறு அடி அளவைச் சங்கிலியைப் போட்டேன். மூன்று சங்கிலி போட்டும் அடுக்களை வரவில்லை. காப்பி எடுக்கப் போன வடிவு தூரத்தில் விரல் உயரத்துக்குத் தெரிந்தாள். திரும்பி வரக் கால் மணி நேரம் ஆயிற்று.

"ஆறிப்போயிட்டு," என்றாள். "நடுவுல ஒரு அடுப்பு வச்சாத்தான் கட்டும்."

"அடுத்த பெட்டியில பாக்கலாம்மா," என்று எஸ்தர் ஜெபமணி குறித்துக்கொண்டார்.

பிறகு ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தார். இருப்புப் படிவம்.

"இது எதுக்கு?" என்றேன்.

"நீங்க இருக்கீங்கன்னு எழுதிக் கொடுக்கணும் சார்."

"எதிர்லதான உட்கார்ந்திருக்கேன்."

"நான் போனப்புறம் எதிர்ல இருக்க மாட்டீங்களே."

அரசு வேலையில் இருந்தவன் என்ற முறையில் அதில் எனக்குத் தவறு தெரியவில்லை. எழுதிக் கொடுத்தேன்.

பழைய பெட்டியில் வாள்வீரன், வில்லாளி, மந்திரவாதி, வைத்தியன் என்று நான்கு அட்டைகள். புதிய பெட்டியில் எங்கள் படம் போட்ட அட்டைகள் இருந்தன. படத்தின் கீழே 'இயல்பு' என்று ஒரு காலிக் கட்டம். ஒருவருக்கு ஒரே இயல்பு. எழுதி முத்திரை குத்திய பின் அது மாறாது.

"யார் வந்தாலும் சாப்டாச்சான்னு கேப்பேன்," என்றாள் வடிவு. "வேற என்னத்தைச் சொல்ல? அதையே போட்டுக்கம்மா."

குற்றாலிங்கம் நெடுநேரம் யோசித்தான். பிறகு எதை யோசித்தான் என்று மறந்துவிட்டது. அலுவலர் அதையே எழுதிக்கொண்டார்: 'கையில் கொடுத்ததை எங்காவது வைத்துவிட்டு மறப்பவர்.'

"நேரம் சொல்லுவேன்," என்றார் அருணோதயம் சுவரோரத்திலிருந்து.

"அதைத் தவிர?"

"அதைத் தவிர இப்போ ஒண்ணுமில்லம்மா. காலைல வீட்டுக்காரி வந்து சாவி குடுத்துட்டுப் போயிருவா. சௌகரியமாத்தான் இருக்கு."

என் முறை வந்தது. நான் யோசிக்கத் தேவையில்லை.

"எழுதிக்கங்க. எவருக்கும் எதற்கும் முதுகு வளையாதவர்."

"எவருக்கும்னு மட்டும் போட்டாப் போதாதா சார்?"

"எதற்கும்னும் வேணும்."

"எதற்கும்னா செருப்பு, கிணறு, வாசல் எல்லாம் அதுல வந்துரும்."

"வரட்டும்."

"ஒரு தடவை யோசிச்சுக்கங்க."

"எங்க வீட்டுல யோசிச்சுட்டுத்தான் வாயைத் திறப்போம்."

முத்திரை விழுந்தது. என் முதுகில் தாழ்ப்பாள் விழுவதுபோல் ஒரு சிறு சத்தம் கேட்டது. பேனா கீழே விழுந்தது. வடிவு எடுத்துக் கொடுத்தாள். எப்போதும் அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். அதனால் எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

ஐந்தாவது அட்டையில் உலகம்மாள் படம் இருந்தது.

இங்கே குடும்ப விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறொருவர் வாயால் வருவதைவிட நானே சொல்வது முறை.

உலகம்மாளை மூன்றாவது தெருவில் கொடுத்தோம். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் சித்தப்பா தெருவில் நின்றுகொண்டு, பெண்ணை வெளியே வரச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார். எங்கள் வீட்டுப் பெண்கள் தெருவில் நின்று கூப்பிட்டால் வருகிறவர்கள் இல்லை என்று நான் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். நல்ல பதில் என்று எங்கள் பக்கத்தார் பாராட்டினார்கள்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு அழைக்க வெற்றிலைத் தட்டோடு போனேன். அண்ணன் உள்ளே போய்த் தட்டை நீட்டி அழைத்தால்தான் பெண் வர வேண்டும். அது எங்கள் வழக்கம். அந்த வீட்டு வாசல் நாலரை அடி. எவராக இருந்தாலும் குனிந்து வரட்டும் என்று அவர்கள் முன்னோர் வைத்த வாசல். அதே சித்தப்பா உள்ளிருந்து, "மச்சினர் குனிஞ்சு வரணும், எங்க வாசல் அப்படி," என்று சிரித்தார். நான் தெருவிலேயே நின்று, "உலகம்மா, வா," என்றேன்.

அவள் கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். புடவைக் கரை தெரிந்தது. அவள் வரவில்லை. நான் சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள்.

என் சொல்லைக் காப்பாற்றியதற்காக நான் அவளோடு நாற்பத்தோரு ஆண்டு பேசவில்லை. அவள் கணவர் இறந்தபோதும் போனேன். தெருவில் நின்றுவிட்டு வந்தேன்.

"ஐந்தாவது ஆட்டக்காரர் தம் வீட்டுக்குள் காத்திருப்பார்," என்று எஸ்தர் ஜெபமணி விதியைப் படித்தார். "ஆடுகிற வீட்டின் மூத்தவர் நேரில் உள்ளே சென்று, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். ஐந்து மணிக்குள் அழைக்காவிட்டால் அட்டை கம்பெனிக்குத் திரும்பும். அச்சடிக்கப்படாததாகக் கருதப்படும்."

"கருதப்படும்னா?"

"சுவத்துல பாருங்க சார்."

சுவரில் உலகம்மாளின் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. அதை நான் கழற்றச் சொல்லியிருந்தேன். வடிவு கழற்றவில்லை. படத்தில் உலகம்மாளின் விரல்கள் வெள்ளையாக இருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளை மணிக்கட்டுக்கு வந்தது. மாலையைப் பிடித்திருந்த கை போய், மாலை மட்டும் தனியே நின்றது.

"மணி ரெண்டு," என்றார் அருணோதயம். "சொல்லக் கூடாதுன்னுதான் பாக்கேன். முடியல அண்ணாச்சி."

"கடுதாசி போட்டா?" என்றேன்.

"நேரில்," என்றார் அலுவலர்.

"தம்பியை அனுப்பினா?"

"மூத்தவர்."

வடிவு வெற்றிலைத் தட்டைத் துடைத்துக் குற்றாலிங்கத்தின் கையில் கொடுத்தாள். அவனிடம் கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் மூத்தவன் தட்டைச் சுமந்துகொண்டு தெருவில் நடப்பது வழக்கமில்லை.

நான் பகடையை உருட்டினேன். ஆறு விழுந்தது. எல்லோரும் கிளம்பினோம், விதிப் புத்தகத்தோடு எஸ்தர் ஜெபமணியும்.

மூன்றாவது தெருவுக்கு எங்கள் வீட்டிலிருந்து நானூறு அடி. இப்போது நடுவே புதிய நிலங்கள் இருந்தன. முதலில் கூடம், பிறகு காடு, பிறகு சதுப்பு. சதுப்பில் எங்கள் பழைய அலமாரிகள் பாதி மூழ்கி நின்றன. கோபுரக் கடிகாரம் அளவுக்குக் கனக்கும் அருணோதயத்தை நானும் குற்றாலிங்கமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டோம். நான் நிமிர்ந்தபடி தூக்கியதால் பாரம் முழுவதும் தம்பி பக்கம் சாய்ந்தது. அவன் அதைச் சொல்லவில்லை. மறந்திருப்பான்.

சதுப்பைத் தாண்டிப் பாலம். பாலத்தில் வேதாளம் உட்கார்ந்திருந்தது. பழைய பெட்டியில் அது கணவாயில் இருக்கும். இடமாற்றம் ஆகி வந்திருந்தது.

"நில்," என்றது.

"சாப்டாச்சா?" என்றாள் வடிவு.

வேதாளம் எங்களைப் பார்த்தது. பிறகு பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தது.

"என்னையா?"

"உன்னைத்தான். முகமே வாடிக் கிடக்கே."

"இல்ல," என்றது. "வேலைக்குச் சேந்ததுல இருந்து யாரும் கேட்டதில்ல."

வடிவு முந்தானையிலிருந்து தூக்குவாளியை எடுத்தாள். வேதாளம் தயிர்சோறும் நார்த்தங்காயும் சாப்பிட்டது. கை கழுவிவிட்டு வழி விட்டது. நான் கடக்கும்போது மட்டும், "இவரு ஏன் இப்படி நிக்காரு?" என்று கேட்டது.

"அவரு அப்படித்தான்," என்றாள் வடிவு. "அட்டையில போட்டாச்சு."

பாலத்தைத் தாண்டிய பிறகுதான் குற்றாலிங்கத்தின் கை காலியாக இருப்பதைப் பார்த்தேன்.

"தட்டு எங்கலே?"

"எந்தத் தட்டுண்ணே?"

சதுப்பில் ஓர் அலமாரியின் மேல் வைத்திருந்தான். போய் எடுத்து வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அருணோதயம் நாலு அடித்தார். அடித்துவிட்டு ஒவ்வோர் அடிக்கும் மன்னிப்புக் கேட்டார்.

மூன்றாவது தெரு மாறாமல் இருந்தது. எல்லா ஜன்னலிலும் ஒரு முகம் இருந்தது. உலகம்மாள் வீட்டுத் திண்ணையும் தூணும் அப்படியே இருந்தன. வாசல் மட்டும் சிறியதாகத் தெரிந்தது. நான் டேப்பை எடுத்து அளந்தேன். கீழ்முனையை வடிவு பிடித்துக்கொண்டாள்.

இரண்டடி ஒன்பதரை அங்குலம்.

"இது நாலரை அடி வாசல்," என்று அலுவலரிடம் சொன்னேன். "என் கண்ணால பாத்தது."

"வராத ஆண்டுக்கு அரை அங்குலம் குறையும் சார். பின்னிணைப்புல இருக்கு."

நாற்பத்தோரு ஆண்டுக்கு இருபதரை அங்குலத்தை மனதில் கழித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அளவில் பிழை இல்லாதபோது எனக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

"உலகம்மா," என்றேன்.

உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"சிவசைலம்."

"எந்தச் சிவசைலம்?"

"உனக்கு எத்தனை சிவசைலம் இருக்கு?"

"ஒருத்தருதான். அவரு இந்தத் தெருவுக்கு வந்தா பேச மாட்டாரு. நின்னுட்டுப் போயிருவாரு."

ஜன்னல்களில் யாரோ இருமினார்கள்.

"வெளிய வா," என்றேன். "வெத்தில பாக்கு கொண்டாந்திருக்கோம்."

"வர முடியாதுண்ணே. நம்ம வீட்டுப் பொண்ணுவ தெருவுல நின்னு கூப்பிட்டா வாரவங்க இல்லல்லா."

குரலில் குத்தல் இல்லை. மின்சாரம் எப்போது வரும் என்று சொல்வதுபோல் சொன்னாள்.

"உலகம்மா, உடம்பு எப்படி இருக்கு?" என்று வடிவு குனிந்து உள்ளே பார்த்துக் கேட்டாள்.

"கை வெளுத்துக்கிட்டு வருது மதினி. இடது கை முழங்கை வரைக்கும் போயிட்டு. வலியெல்லாம் இல்ல. சொம்பு மட்டும் பிடிக்க வரல."

"சாப்டியா?"

"சாப்பிட்டேன். வலது கை இருக்குல்லா."

நான் வாசலுக்கு முன் நின்று குனியப் பார்த்தேன். இதை எழுதத் தயங்கவில்லை. மனதார முயன்றேன். முதுகு வரவில்லை. கம்பத்தைக் குனியச் சொன்னதுபோல் இருந்தது. அட்டையில் என் கையெழுத்து இருந்தது.

முழங்கால் மடக்கத் தடையில்லை என்று அலுவலர் சொன்னார். மண்டியிட்டேன். நெஞ்சு வாசல் நிலையில் இடித்தது. தரையில் உட்கார்ந்து நகர்ந்து போகலாம் என்றார். உட்கார்ந்தேன். வடிவு என் உச்சிக்கு டேப் வைத்தாள். இரண்டடி பதினோரு அங்குலம். ஒன்றரை அங்குலம் அதிகம்.

"தலைமுடியை எடுத்துட்டா?" என்றான் குற்றாலிங்கம்.

முடி எனக்கு ஒன்றரை அங்குலத்துக்கு இல்லை.

"மணி நாலரை," என்றார் அருணோதயம்.

"கொஞ்சம் மெதுவா ஓடக் கூடாதாவே?"

"முள்ளு எங்கையில இல்ல அண்ணாச்சி. இருந்தா உங்களுக்குச் செய்ய மாட்டனா?"

அப்போது வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சிறு கதவு திறந்தது. திருத்தப் பிரிவு என்று எழுதியிருந்தது. உள்ளே எஸ்தர் ஜெபமணி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எஸ்தர் ஜெபமணி எங்களோடும் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன வேணும்?" என்றார் உள்ளே இருந்தவர்.

"நீங்கதான இப்போ என்கூட—"

"அவங்க விரிவாக்கப் பிரிவு. இது திருத்தப் பிரிவு. என்ன வேணும்?"

"என் அட்டையில எதற்கும்னு ஒரு வார்த்தை இருக்கு. அதை எடுக்கணும்."

"எடுக்கலாம். வாழ்க்கையில ஒரு தடவையாவது நீங்க முதுகு வளைச்சதுக்குச் சாட்சி வேணும்."

நான் வடிவைப் பார்த்தேன். நாற்பத்தாறு ஆண்டாக என்னோடு இருப்பவள்.

"நான் பாத்ததில்லம்மா," என்றாள்.

"நல்லா யோசி."

"யோசிச்சுட்டேன். பொய் சொல்லச் சொல்லுதியளா?"

குற்றாலிங்கம் பார்த்திருக்கலாம் என்றும், ஆனால் நினைவில்லை என்றும் சொன்னான். அருணோதயம் நேரம் சொன்னார்.

"நான் பாத்திருக்கேன்," என்றது உள்ளிருந்து உலகம்மாளின் குரல்.

எல்லோரும் வாசலைப் பார்த்தோம்.

"எனக்கு ஆறு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வாரப்போ வாய்க்கால்ல தண்ணி திறந்துட்டாங்க. அண்ணன் குனிஞ்சு, ஏறிக்கட்டின்னு சொல்லி, என்னை முதுகுல ஏத்திக் கொண்டுபோய் அக்கரையில விட்டாரு. எம் பையி நனையக் கூடாதுன்னு பல்லுல கடிச்சுக்கிட்டாரு."

திருத்தப் பிரிவு அலுவலர் பேனாவை எடுத்தார். பிறகு வைத்தார்.

"ஐந்தாவது ஆட்டக்காரர் மேசைக்கு வந்தப்புறம்தான் சாட்சி சொல்லலாம்."

"மேசைக்குக் கூட்டிட்டு வரத்தான் இந்தத் திருத்தமே," என்றேன்.

"அது விரிவாக்கப் பிரிவுல சொல்லணும். ஆனா சார், நீங்களே ஒப்புக்கிட்டாச் சாட்சி வேண்டாம். அந்த வாய்க்கால்ல குனிஞ்சது உண்டா, இல்லையா? ஒரே வார்த்தை போதும்."

எல்லா ஜன்னலிலும் முகங்கள் முன்னால் வந்தன. அந்தச் சித்தப்பா என்றைக்கோ இறந்துவிட்டார். ஆனாலும் மாடி ஜன்னலில் இருந்தார். முகவாயைக் கையில் தாங்கிக்கொண்டு என் வாயையே பார்த்தார்.

வாய்க்கால் எனக்கு நினைவிருந்தது. தண்ணீர் என் தொடை வரை வந்தது. பைக்குள் சிலேட்டு இருந்தது. அது கனம். அவள் என் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லை," என்றேன்.

சொல்ல நினைத்தது வேறு. வாய் தானாகச் சொல்லிற்று. எங்கள் வீட்டு வாய் அப்படிப் பழகியது.

திருத்தப் பிரிவின் கதவு மூடிக்கொண்டது. சுவரில் அது இருந்த அடையாளம் இல்லை.

"மதினி, வலது கையும் விரல் போயிட்டு," என்றாள் உலகம்மாள் உள்ளேயிருந்து.

"மணி நாலே முக்கால்," என்றார் அருணோதயம். அவர் குரல் உடைந்தது. கடிகாரங்களுக்கு அது நல்லதல்ல.

நான் வாசல் முன்னால் நிமிர்ந்து நின்றேன். வேறு எப்படியும் நிற்க முடியவில்லை. அளவு, கோணம், சாய்வு எல்லாம் அறிந்தவன் நான். முப்பத்து நான்கு ஆண்டு பிறர் நிலத்துக்கு எல்லை போட்டிருக்கிறேன். என் தங்கைக்கும் எனக்கும் நடுவே இரண்டடி ஒன்பதரை அங்குலத்தில் ஒரு திறப்பு இருந்தது. அதை வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"இந்தா பாருங்க," என்றாள் வடிவு. "குனிய வேண்டாம். படுங்க."

"என்ன?"

"படுங்கங்கேன். அட்டையில படுக்கக் கூடாதுன்னு இல்லல்லா?"

எஸ்தர் ஜெபமணி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இல்லை.

"தெருவுலயா?" என்றேன்.

"தெருவுலதான். வாசல் அங்கனதான இருக்கு."

மூன்றாவது தெருவில், அத்தனை ஜன்னல்களுக்கும் முன்னால், மல்லாந்து படுத்தேன். வேட்டியை வடிவு ஒழுங்குபடுத்தினாள். தட்டை என் நெஞ்சில் வைத்தாள். முதுகு தரையில் சமமாகப் பதிந்தது. ஒரு வீட்டுக்குள் முதலில் கால் வைத்துத்தான் நுழைய வேண்டும் என்று விதியும் சொன்னது, முறையும் அதுதான். கால் வாசலைப் பார்க்க, தலை தெருவைப் பார்க்கக் கிடந்தேன். குற்றாலிங்கமும் வடிவும் ஆளுக்கொரு தோளைப் பிடித்தார்கள்.

"உலகம்மா, காலைப் பிடிட்டி," என்றாள் வடிவு.

பிடித்தாள். இடது காலில் உள்ளங்கை மட்டும் பட்டது. வலது காலில் எதுவும் படவில்லை, ஆனாலும் இழுபட்டது. அவர்கள் தள்ளினார்கள், அவள் இழுத்தாள். நான் ஒன்றும் செய்யவில்லை. செய்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. பலகை நகர்வதுபோல் நகர்ந்தேன்.

நிலையின் மேல்கட்டையின் அடிப்பக்கம் என் மூக்குக்கு மேலே மெல்லக் கடந்தது. குனிந்து போகிறவர்களுக்கு அந்தப் பக்கம் தெரியாது. அங்கே பென்சிலில் கோடுகள் இருந்தன. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு தை மாதமும் ஆண்டும் எழுதியிருந்தது. வாசல் குறையக் குறைய அவளும் அளந்துகொண்டே வந்திருக்கிறாள். கோடுகள் நேராக இருந்தன. ஒன்றில்கூடப் பிசகு இல்லை. எங்கள் குடும்பத்தில் அந்தக் கை எல்லோருக்கும் உண்டு.

உள்ளே இருட்டாக இருந்தது. உலகம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. இவ்வளவு நரைத்தவள் என் தங்கையாக இருப்பாள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"காப்பி குடிக்கியளா?"

"நேரமில்ல," என்றேன். நெஞ்சிலிருந்த தட்டை எடுத்து நீட்டினேன். படுத்தபடி நீட்டியதால் பாக்கு உருண்டு என் கழுத்தில் விழுந்தது. "உலகம்மா. நம்ம வீட்டுக்கு வா."

அவள் பாக்கை என் கழுத்திலிருந்து எடுத்தாள். எடுத்த விரல்கள் முழுதாக இருந்தன. பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை. ரேகைகூடத் தெரிந்தது.

"வாரேன்," என்றாள்.

"அழைப்பு செல்லும்," என்றார் வெளியே எஸ்தர் ஜெபமணி.

உலகம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் குனிந்தாள். அவளுக்கு அது பழக்கம். பாதி வெளியே போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க வரலியாண்ணே?"

"முன்னால போ. இழுக்கச் சொல்லு."

அவள் வெளியே கால் வைத்தாள். அருணோதயம் ஐந்து அடித்தார்.

அடி ஓய்ந்த பிறகு அலுவலர் விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படிப்பது கேட்டது. ஐந்து மணிக்கு மேசைக்கு வெளியே, தாழ்வாசலுக்கு உள்ளே இருப்பவர் எவரோ, அவரே இனி ஐந்தாவது ஆட்டக்காரர். வீட்டின் மூத்தவர் நேரில் உள்ளே சென்று, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும்.

"மூத்தவர் அவருதான?" என்றாள் வடிவு.

"அவர் உள்ள இருக்காரும்மா. வெளிய இருக்கிறவங்கள்ல மூத்தவர் யாரு?"

எல்லோரும் குற்றாலிங்கத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"நான் அழைக்கேண்ணே," என்றான் அவன் வாசல் வழியாக. "இப்பமே உள்ள வாரேன். தட்டு எங்க?"

"உங்கிட்டதான குடுத்தேன்," என்றாள் உலகம்மாள்.

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. தட்டைத் தேடுகிறார்கள். சதுப்பில் எல்லா அலமாரியும் பார்த்தாயிற்றாம். வேதாளமும் சேர்ந்து தேடுகிறது. மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறதாம். புதுத் தட்டு வாங்கலாமா என்று கேட்டதற்குப் பெட்டியோடு வந்த ஆட்டத்தில் பெட்டிக்கு வெளியே உள்ள பொருள் செல்லாது என்று கம்பெனி எழுதியிருக்கிறது. தொலைந்த தட்டும் எங்கள் வீட்டுத் தட்டுதான் என்று நான் எழுதினேன். பதினான்கு கடிதம் ஆயிற்று.

மாதத்தின் முதல் ஞாயிறு அவர்கள் ஆடுகிறார்கள். வீடு விரிந்ததில் எங்கள் கூடம் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கமே வந்துவிட்டது. பகடை உருளும் சத்தம் கேட்கிறது. உலகம்மாள் நன்றாக ஆடுகிறாள். வில்லாளி இல்லாமலே கணவாயைத் தாண்டிவிட்டாள் என்று வடிவு சொன்னாள். கல்யாணப் படத்தில் அவள் கை திரும்ப வந்துவிட்டது. மாலையைப் பிடித்திருக்கிறது.

வடிவு தினமும் வாசலில் குனிந்து உள்ளே வந்து, "சாப்டாச்சா?" என்று கேட்கிறாள். அவள் மூத்தவர் இல்லை என்பதால் என்னை அழைக்க முடியாது. சோறு வைத்துவிட்டு, பேனா விழுந்திருந்தால் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். ஒருமுறை குற்றாலிங்கம் தெருவில் நின்று, "அண்ணே, சும்மா வாங்களேன்," என்று கூப்பிட்டான். எங்கள் வீட்டார் தெருவில் நின்று கூப்பிட்டால் வருகிறவர்கள் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

சென்ற வாரம் யாரும் இல்லாதபோது, வாய்க்கால் நினைவிருக்கிறது என்று உரக்கச் சொன்னேன். திருத்தப் பிரிவுக் கதவு திறக்குமா என்று சுவரைப் பார்த்தபடி கிடந்தேன். கேட்கப்படாத நேரத்தில் ஒப்புக்கொண்டது செல்லாது போலிருக்கிறது. சுவர் சுவராகவே இருந்தது. நடுவே ஒரு தை வந்து போயிற்று, வாசல் இப்போது இரண்டடி ஒன்பது.

நான் குனிந்து இந்த வீட்டுக்குள் நுழைந்தேன் என்று மூன்றாவது தெருவில் ஒரு பேச்சு இருப்பதாக வடிவு சொன்னாள். அது தவறு. நான் படுத்தபடி வந்தேன். என் தங்கை காலைப் பிடித்து இழுத்தாள். முதுகு வளையவில்லை.